வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் பணி: சுருங்கும் சந்தையில் இந்தியருக்குத் திறந்திருக்கும் கதவுகள் எவை?

புதுதில்லி: ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிந்த பட்டதாரிக்குக் கிழக்கு ஆசிய நாடுகளில் ஆசிரியர் வேலை எளிதில் கிடைக்கும் என்ற நிலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக மாறியுள்ளது. சீன அரசு 2021-இல் கொண்டுவந்த கட்டுப்பாடுகள், தென் கொரியாவிலும் ஜப்பானிலும் தொடர்ந்து சரியும் பிறப்பு எண்ணிக்கை, இணையவழி வகுப்புகள், செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து இந்தச் சந்தையின் அடித்தளத்தையே அசைத்துள்ளன.

ஆனால், '120 மணி நேரப் பயிற்சி, கையில் சான்றிதழ், வெளிநாட்டில் வேலை' என்ற விளம்பரங்கள் இந்தியாவில் குறைந்தபாடில்லை. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றுவிட்டு, உள்ளூர் தனியார் பள்ளியின் சொற்ப ஊதியத்தில் காலம் தள்ளும் இளைஞர்களே இவ்விளம்பரங்களின் இலக்கு. பணம் கட்டுவதற்கு முன்பு அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல நாடுகளில் இந்த வேலைக்கான முதல் தகுதி சான்றிதழ் அல்ல; விண்ணப்பதாரர் வைத்திருக்கும் கடவுச்சீட்டு. அந்தக் கடவுச்சீட்டு விதியைத் தாண்ட இந்தியருக்கு உள்ள வழிகள் சில மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை பி.எட். பட்டத்தின் வழியாகவும் வகுப்பறை அனுபவத்தின் வழியாகவும் செல்கின்றன.

பட்டம் மட்டும் போதுமானதாக இருந்த காலம்

ஜப்பான் அரசு 1987-இல் 'ஜெட்' எனப்படும் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வரவழைக்கப்பட்டனர். அவர்களிடம் ஆசிரியர் பயிற்சி எதிர்பார்க்கப்படவில்லை. ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் இருந்தால் போதும். ஜப்பானிய ஆசிரியரின் அருகில் நின்று, உச்சரிப்பைக் காட்டி, மாணவர்களைப் பேசவைப்பதே துணை ஆசிரியரின் பணி. தென் கொரியா 1995-இல் 'எபிக்' என்ற பெயரில் ஏறக்குறைய இதே மாதிரியில் அரசுப் பள்ளிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது.

அரசுத் திட்டங்களைவிடப் பெரிதாக வளர்ந்தது தனியார் சந்தை. ஜப்பானில் 'எய்காய்வா' எனப்படும் ஆங்கில உரையாடல் பள்ளிகளும், தென் கொரியாவில் 'ஹாக்வோன்' எனப்படும் தனியார் பயிற்சி நிலையங்களும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டவரை ஈர்த்தன. பல கொரிய நிலையங்கள் விண்ணப்பத்துடன் புகைப்படத்தையும் கட்டாயமாகக் கேட்டன. பெற்றோர் எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதை அந்த ஒரு நிபந்தனையே விளக்கிவிடும்.

இந்த வளர்ச்சி எவ்வளவு உறுதியற்றது என்பது 2007 அக்டோபரில் வெளிப்பட்டது. ஜப்பானின் மிகப்பெரிய உரையாடல் பள்ளி நிறுவனமான 'நோவா' நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. பல்லாயிரக்கணக்கான மாணவர்கள் முன்கூட்டியே செலுத்திய கட்டணமும், ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்களின் ஊதியமும் முடங்கின. ஆசிரியர் பலரும் நிறுவனம் ஏற்பாடு செய்த வீடுகளிலேயே தங்கியிருந்ததால், வேலை போன கையோடு வீட்டையும் இழக்கும் அபாயம் ஏற்பட்டது. உணவுக்கு ஈடாகப் பாடம் நடத்தத் தயார் என்று சில ஆசிரியர்கள் அறிவித்த செய்திகள் அப்போது உலகெங்கும் வெளியாயின. வேலை, விசா, வீடு ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது இத்துறையில் இன்றும் தொடரும் நடைமுறை.

ஒரே அறிவிப்பில் சரிந்த சீனச் சந்தை

2010-களில் உலகின் மிகப்பெரிய ஆங்கிலக் கற்பித்தல் சந்தையாகச் சீனா உருவெடுத்தது. 'விஐபிகிட்' போன்ற நிறுவனங்கள் வட அமெரிக்காவில் வீட்டிலிருக்கும் ஆசிரியர்களைச் சீனக் குழந்தைகளுடன் காணொலி வழியே இணைத்தன. நேர வித்தியாசத்தின் காரணமாக அமெரிக்க ஆசிரியர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து பாடம் நடத்துவது வாடிக்கையாக இருந்தது.

2021 ஜூலையில் சீன அரசு 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையை வெளியிட்டது. மாணவர்களின் வீட்டுப்பாடச் சுமையையும் பள்ளிக்கு வெளியேயான பயிற்சிச் சுமையையும் குறைப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதன்படி, பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியை இலாப நோக்கில் நடத்துவது தடை செய்யப்பட்டது. வார இறுதியிலும் விடுமுறையிலும் வகுப்பு நடத்தக் கூடாது என உத்தரவிடப்பட்டது. வெளிநாட்டில் இருந்தபடி இணையம் வழியே சீனக் குழந்தைகளுக்குக் கற்பிக்க வெளிநாட்டவரை அமர்த்துவதும் தடைக்கு உள்ளானது.

விளைவு உடனடியாகத் தெரிந்தது. சீனாவின் முன்னணிப் பயிற்சி நிறுவனமான 'நியூ ஓரியன்டல்' 60,000 ஊழியர்களைப் பணிநீக்கம் செய்ததாக அதன் நிறுவனர் யூ மின்ஹோங் 2022 ஜனவரியில் தெரிவித்தார். பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்துவந்த 'வால் ஸ்ட்ரீட் இங்கிலீஷ்' நிறுவனத்தின் சீனக் கிளைகளும் அதே 2021-இல் மூடப்பட்டன. வேலை இழந்த அனுபவமிக்க ஆசிரியர்கள் தொழிலைக் கைவிட்டுவிடவில்லை. வியட்நாம், தாய்லாந்து, தென் கொரியா, வளைகுடா எனத் திரும்பினர். இன்று அந்நாடுகளில் ஒரு காலியிடத்துக்கு விண்ணப்பிக்கும் இந்தியர், ஐந்தாறு ஆண்டு சீன அனுபவம் பெற்ற ஒருவருடன் போட்டியிட வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறையும் குழந்தைகள்

கொள்கை மாற்றத்தைவிட ஆழமான காரணம் மக்கள்தொகை. தென் கொரியாவில் 1970-இல் பத்து லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. 2023-இல் பிறந்தவை சுமார் 2.3 லட்சம் மட்டுமே. அந்த ஆண்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற அளவுக்குக் கருவுறுதல் விகிதம் வீழ்ந்தது. 2024-இல் முதல் வகுப்பில் சேர்ந்த கொரியக் குழந்தைகளின் எண்ணிக்கை முதன்முறையாக 4 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. ஜப்பானில் 2024-இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சத்துக்கும் குறைவு. சீனாவில் 2016-இல் சுமார் 1.8 கோடியாக இருந்த பிறப்பு எண்ணிக்கை, 2023-இல் 90 லட்சமாகப் பாதியாயிற்று. 2023-ஆம் ஆண்டில் மட்டும் அங்கு 14,000-க்கும் மேற்பட்ட மழலையர் பள்ளிகள் குறைந்தன.

மழலையர் பள்ளியும் தொடக்கப் பள்ளியுமே வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை அதிகம் அமர்த்தும் இடங்கள். எனவே, இன்று காலியாகும் மழலையர் பள்ளி இருக்கை, சில ஆண்டுகளில் தொடக்கப் பள்ளியிலும் பின்னர் ஹாக்வோனிலும் காலியாகும். குழந்தை குறைந்த வீட்டில் அந்த ஒரு குழந்தைக்குச் செலவிடப்படும் தொகை கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால், கூடுதலாகச் செலவிடும் பெற்றோர் கூடுதல் தகுதியுள்ள ஆசிரியரையும் எதிர்பார்க்கின்றனர்.

ஏழு நாடுகளின் பட்டியல்

தென் கொரியாவில் மொழி கற்பிக்க வருவோருக்கு வழங்கப்படுவது 'இ-2' விசா. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே அது பொதுவாக வழங்கப்படுகிறது. விண்ணப்பதாரர் எவ்வளவு நன்றாகக் கற்பிப்பார் என்பதல்ல, எந்த நாட்டின் குடியுரிமை பெற்றவர் என்பதே முதல் வடிகட்டி. வேலைக்கு ஆள் தேடும் நிறுவனமே விரும்பினாலும் இந்த விதியைத் தளர்த்த முடியாது.

இந்தியாவின் நிலை இதில் விசித்திரமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்த இந்தியர்கள் சுமார் 2.6 லட்சம் பேரே. ஆனால், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் அறிந்தவர்கள் 8 கோடிக்கும் மேல். காஷ்மீரில் பிறந்த மொழியியல் அறிஞர் பிரஜ் கச்ரு, ஆங்கிலம் பேசும் உலகை 1985-இல் மூன்று வட்டங்களாகப் பகுத்தார். பிரிட்டன், அமெரிக்கா போன்றவை உள்வட்டம். இந்தியா, நைஜீரியா, சிங்கப்பூர் போன்றவை வெளிவட்டம். சீனா, ஜப்பான், கொரியா போன்றவை விரியும் வட்டம். வெளிவட்டத்து ஆங்கிலமும் தன்னளவில் முழுமையான ஆங்கிலமே என்பது அவரது வாதம். மொழியியல் துறை அதைப் பெருமளவு ஏற்றுக்கொண்டுவிட்டது. குடியேற்றத் துறை அதிகாரிகளின் பட்டியல் இன்னும் உள்வட்டத்தோடு நின்றுவிடுகிறது.

தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பதை ராபர்ட் பிலிப்சன் 1992-இலேயே விரிவாக எழுதினார். ஒரு மொழியை முயன்று கற்றவருக்கே கற்பவரின் தடுமாற்றம் தெரியும் என்பது அதன் சாரம். தமிழ் வழியில் படித்து, பின்னர் ஆங்கில ஆசிரியரான எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால், விசா விண்ணப்பத்தில் இந்த வாதத்தை எழுதுவதற்கு இடமில்லை. விதி நியாயமற்றது என்பதும், அந்த விதிக்குள்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் ஒருசேர உண்மை.

கொரியாவில் ஒரு விதிவிலக்கு

ஏழு நாடுகளின் பட்டியலில் இல்லாவிட்டாலும் இந்தியருக்குக் கொரியாவில் ஒரு தனி வாயில் உண்டு. இந்தியாவும் தென் கொரியாவும் 2009 ஆகஸ்டில் கையெழுத்திட்டு, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில், கணினி வல்லுநர்கள், பொறியாளர்களுடன் ஆங்கிலத் துணை ஆசிரியர்களும் இடம்பெற்றுள்ளனர். இதன்படி, இளநிலைப் பட்டத்துடன் ஆங்கிலம் கற்பிப்பதற்கான ஆசிரியர் தகுதிச் சான்றும் பெற்ற இந்தியக் குடிமக்கள், கொரியத் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளில் துணை ஆசிரியராக இ-2 விசாவில் பணியாற்ற முடியும்.

இதில் மூன்று நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, இந்த அனுமதி பள்ளிகளுக்கானது. தனியார் ஹாக்வோன்களுக்கு அல்ல. ஹாக்வோனில் வேலை வாங்கித் தருவதாக ஒரு முகவர் இந்தியரிடம் கூறினால், எந்த விசாவில் என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, இணையத்தில் வாங்கிய பயிற்சிச் சான்றிதழ் ஆசிரியர் தகுதிச் சான்று ஆகாது. நாடு முழுமைக்குமான ஒரே ஆசிரியர் உரிமம் இந்தியாவில் இல்லை. ஆங்கிலத்தைக் கற்பித்தல் பாடமாகக் கொண்ட பி.எட். பட்டமும், ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழும்தான் இங்கு கிடைப்பவை. இவற்றில் எது ஏற்கப்படும் என்பதைப் பணியமர்த்தும் கல்வி அலுவலகத்திடமும் தூதரகத்திடமும் எழுத்துவடிவில் கேட்டுப் பெற்ற பிறகே செலவில் இறங்குவது நல்லது. மூன்றாவதாக, விதி அனுமதிக்கிறது என்பதும் தேர்வு நடக்கிறது என்பதும் வெவ்வேறு. ஏழு நாட்டு விண்ணப்பங்களுக்குப் பழகிய அலுவலகத்தில் இந்த ஒப்பந்தப் பிரிவை விண்ணப்பதாரரே எடுத்துக்காட்ட வேண்டியிருக்கலாம்.

தேர்வானால் கிடைக்கும் பணி நிபந்தனைகள் பொதுவாக நல்லவை. எபிக் ஒப்பந்தத்தில் வாடகையில்லா வீடு, மருத்துவக் காப்பீட்டில் பாதிப் பங்கு, ஓராண்டு நிறைவுக்கு ஒரு மாத ஊதியத்துக்கு இணையான பணிக்கொடை ஆகியவை உண்டு. பணிக்கொடையைத் தவிர்ப்பதற்காகப் பதினோராம் மாதத்தில் ஆசிரியரை நீக்கிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு தனியார் நிலையங்கள் சிலவற்றின் மீது பல ஆண்டுகளாகவே உண்டு.

ஜப்பான்: பள்ளிப் பருவமும் கணக்கில் சேரும்

ஜப்பானில் ஆங்கிலத்துக்கான தேவை ஒருபுறம் கூடியுள்ளது. 2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் மதிப்பெண்ணுடன் கூடிய பாடமாகவும், 3, 4-ஆம் வகுப்புகளில் அறிமுக நிலையிலும் கற்பிக்கப்படுகிறது. கடவுச்சீட்டுப் பட்டியல் எதையும் ஜப்பான் வைத்திருக்கவில்லை. அதற்குப் பதிலாக, பள்ளிகளில் மொழி கற்பிக்கும் 'பயிற்றுநர்' விசாவுக்கு, கற்பிக்கப்போகும் மொழியைப் பயிற்று மொழியாகக் கொண்டு குறைந்தது 12 ஆண்டுகள் கல்வி பயின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளது.

ஆங்கில வழியில் படித்த இந்தியருக்கு இது சாதகம். பள்ளியிலிருந்து பயிற்று மொழிச் சான்றிதழ் பெற்றுவைத்தால் போதும். ஆனால், பத்தாம் வகுப்பு வரை தமிழிலோ இந்தியிலோ படித்து, பின்னர் ஆங்கிலத்தில் முதுநிலைப் பட்டம் பெற்ற ஒருவர், எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இந்த இடத்தில் தடுக்கி விழக்கூடும். கல்லூரி ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டினாலும் அவருக்குப் பன்னிரண்டு நிறைவது கடினம்.

ஊதியத்தைப் பொறுத்தவரை, யென் மதிப்பின் வீழ்ச்சியைக் கணக்கிடாமல் முடிவெடுக்க இயலாது. ஜெட் திட்டத்தின் முதலாண்டு ஊதியம் 2012 முதல் 33.6 லட்சம் யென்னாக இருந்தது. ஒரு டாலருக்கு 80 யென் என்றிருந்த அந்த ஆண்டில் இது சுமார் 42,000 டாலர். 2024-இன் நடுவில் டாலர் 160 யென்னைத் தாண்டியபோது அதே ஊதியம் 21,000 டாலராகச் சுருங்கியது. இந்திய ரூபாயும் இதே காலத்தில் டாலருக்கு எதிராகச் சரிந்ததால், ரூபாய்க் கணக்கில் இழப்பு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. கல்விக் கடனை டாலரில் அடைக்கும் அமெரிக்க இளைஞர்களுக்குத்தான் பேரிடி. இந்த நிலையில், 2025 ஏப்ரல் முதல் முதலாண்டு ஊதியம் 40.2 லட்சம் யென்னாக உயர்த்தப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளுக்குத் துணை ஆசிரியர்களை ஒப்பந்த அடிப்படையில் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் வழங்கும் ஊதியம் இதைவிடக் கணிசமாகக் குறைவு. ஜெட் திட்டத்தில் ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடரவும் முடியாது.

சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும்

தனிப்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டாலும் சீனப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களை எடுத்துவருகின்றன. அங்குள்ள விதி, மொழி ஆசிரியர்கள் தங்கள் தாய்மொழியைக் கற்பிக்க வேண்டும், அம்மொழி பேசும் நாட்டில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், இரண்டாண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்பதாகும். கல்வியியல் பட்டமோ ஆசிரியர் தகுதிச் சான்றோ இருந்தால் அனுபவ நிபந்தனைக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே, ஆங்கிலப் பாடத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டுடன் நுழைவது கடினம். பன்னாட்டுப் பள்ளிகளில் கணிதம், அறிவியல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்த மொழி விதி குறுக்கே நிற்பதில்லை.

தாய்லாந்திலும் வியட்நாமிலும் நிலைமை சற்றே தளர்வானது. பிலிப்பின்ஸ் ஆசிரியர்கள் தாய்லாந்துப் பள்ளிகளில் ஏராளமாகப் பணியாற்றுகின்றனர், இந்தியரும் உள்ளனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவரிடம் 'டோயிக்' அல்லது 'ஐஇஎல்டிஎஸ்' போன்ற தேர்வின் மதிப்பெண் கேட்கப்படுவது வழக்கம். ஒரே பள்ளியில், ஒரே வகுப்புக்கு, தாய்மொழியாளருக்கும் மற்றவருக்கும் வெவ்வேறு ஊதியம் வழங்கப்படுவது அங்கு வெளிப்படையாகவே நடக்கிறது. விளம்பரத்திலேயே இரண்டு தொகைகளையும் அச்சிடும் பள்ளிகள் உண்டு. வியட்நாம், ஆங்கிலத்தைப் பள்ளிகளில் படிப்படியாக இரண்டாம் மொழியாக்க 2024-இல் முடிவெடுத்துள்ளதால், அங்கு வாய்ப்பு கூடும் என எதிர்பார்க்கலாம்.

வளைகுடா என்ற பழைய கதவு

இந்திய ஆங்கில ஆசிரியருக்கு உண்மையிலேயே பழகிய சந்தை வளைகுடா நாடுகளே. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, ஓமன், கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகள் இயங்குகின்றன. அங்கு எந்த நாட்டில் பிறந்தவர் என்ற கேள்வி எழுவதில்லை. பி.எட்., பாடத்தில் பட்டம், இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் ஆகியவையே கேட்கப்படுகின்றன. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் தரும் ஊதியத்தோடு ஒப்பிட்டால் இப்பள்ளிகளின் ஊதியம் குறைவு; வீட்டு வாடகையைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்பதைக் கணக்கிட்டே ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். கிழக்கு ஆசிய வேலைகளைப் போல இதற்குக் கவர்ச்சியான விளம்பரம் இல்லை. ஆனால், குடும்பத்துடன் சென்று பத்தாண்டுகள் பணியாற்றிய இந்திய ஆசிரியர்களை எங்கே காணலாம் என்று தேடினால், விடை பெரும்பாலும் சியோல் அல்ல, ஷார்ஜாவும் மஸ்கட்டும்தான்.

சான்றிதழின் உண்மையான மதிப்பு

'டெஃபிள்' என்பது ஒரு தேர்வின் பெயரோ, ஒரு நிறுவனத்தின் பெயரோ அல்ல. வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் பெயர். அப்பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் விற்கலாம். அதை ஒழுங்குபடுத்தும் உலகளாவிய அமைப்பு கிடையாது. சில நூறு ரூபாய் முதல் லட்ச ரூபாய் வரை இதன் விலை வேறுபடுவதற்குக் காரணம் இதுவே. பரவலாக மதிக்கப்படுபவை கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்ட்டா', லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் சான்றிதழ் போன்ற சிலவே. செல்ட்டா பயிற்சியில், உண்மையான மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மாணவர் முகத்தையே பார்க்காமல் திரையில் விடைகளைச் சொடுக்கி முடிக்கும் படிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பணியமர்த்துவோருக்கு நன்கு தெரியும்.

பி.எட். முடித்து இரண்டாண்டு பள்ளியில் பணியாற்றிய ஒருவருக்குக் கூடுதலாக ஒரு நல்ல பயிற்சிச் சான்றிதழ் உதவும். பட்டமும் அனுபவமும் இல்லாதவருக்கு அச்சான்றிதழ் மட்டும் எந்த விசா அலுவலகத்திலும் கதவைத் திறக்காது.

இணைய வகுப்பும் இயந்திர ஆசிரியரும்

விசா தேவைப்படாத ஒரே வழி இணையவழிக் கற்பித்தல். ஜப்பானியர்களைப் பிலிப்பின்ஸ் ஆசிரியர்களுடன் இணைக்கும் 'ரேர்ஜாப்' நிறுவனம் 2007-இல் தொடங்கி டோக்கியோ பங்குச் சந்தை வரை சென்றது. தாய்மொழியாளர் அல்லாதவரிடமும் மாணவர்கள் விரும்பிக் கற்பார்கள் என்பதற்கு அது சான்று. அதே வளர்ச்சி விலையையும் கீழே இழுத்தது. 'ப்ரெப்ளி' போன்ற தளங்களில் ஆசிரியர் தமது கட்டணத்தைத் தாமே நிர்ணயிக்கலாம். ஆனால், புதிய மாணவரின் முதல் வகுப்புக் கட்டணம் முழுவதையும் தளமே எடுத்துக்கொள்கிறது. அதன்பின் 33 சதவீதத்தில் தொடங்கி, கற்பித்த மணிநேரத்துக்கு ஏற்ப 18 சதவீதம் வரை குறையும் தரகு பிடிக்கப்படுகிறது.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளியான பிறகு, உரையாடல் பயிற்சி என்ற சேவையே கேள்விக்கு உள்ளாகியுள்ளது. களைப்படையாமல், தவறுக்கு முகம் சுளிக்காமல், நள்ளிரவிலும் பேசும் செயலி மாதச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. எனினும், இதன் போக்கு ஒரே திசையில் இல்லை. தென் கொரியா 2025 மார்ச்சில் ஆங்கிலம் உள்ளிட்ட பாடங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களை அறிமுகப்படுத்தியது. ஆசிரியர்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு இடையே அதே ஆண்டு ஆகஸ்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் அவற்றின் பாடநூல் தகுதியை நீக்கி, துணைக் கருவிகளாகத் தரம் இறக்கியது. வெறும் பேச்சுத் துணையாக இருந்த ஆசிரியருக்கே செயலி நேரடிப் போட்டி. முப்பது குழந்தைகள் உள்ள வகுப்பை நிர்வகித்து, தேர்வுக்குத் தயார்படுத்தி, பெற்றோருக்குப் பதில் சொல்லும் ஆசிரியரின் இடத்தை அது இன்னும் தொடவில்லை.

ஆவணங்களும் ஏமாற்றுகளும்

தாய்லாந்தில் கணினித் துறை வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடி பகுதியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியது 2022-இல் தெரியவந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மீட்கப்பட்டவர்களில் தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வெளியுறவு அமைச்சகம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது. அவர்களை ஈர்த்தது ஆசிரியர் வேலை அல்ல. ஆனால், 'இப்போது சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம்' என்ற அதே வாசகம் ஆசிரியர் வேலைக்கான பேச்சிலும் அடிக்கடி ஒலிக்கிறது. தாய்லாந்தில் பணி அனுமதியின்றிப் பாடம் நடத்துவது சட்டவிரோதம். பிடிபட்டால் தண்டனைக்கு உள்ளாவது ஆசிரியரே.

இந்தியாவில் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என உச்சவரம்பு உள்ளது. பதிவு பெற்றவர்களின் பட்டியலை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

பட்டச் சான்றிதழுக்கும் காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் 'அப்போஸ்டில்' முத்திரை பெறுவது நேரம் பிடிக்கும் வேலை. இந்தியா 2005 முதல் இதற்கான ஹேக் உடன்படிக்கையில் உறுப்பு நாடு. கல்விச் சான்றிதழை முதலில் மாநில அரசு சரிபார்க்க வேண்டும்; பிறகே வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். நன்னடத்தைச் சான்றைக் கடவுச்சீட்டு அலுவலகம் வழங்குகிறது. அதற்குக் குறுகிய செல்லுபடிக் காலமே ஏற்கப்படுவதால், மிக முன்னதாக வாங்கிவைத்தாலும் பயனில்லை. வளைகுடா நாடுகள் சிலவற்றுக்கு அப்போஸ்டில் போதாது. அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் தேவைப்படும். சான்றிதழில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் பயன்படுத்தும் தமிழகத்து விண்ணப்பதாரர்கள் இதை முதலிலேயே சரிசெய்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

வேலைக்கு எடுக்கும் காலமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. எபிக் திட்டத்தில் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பணி தொடங்குவோருக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் பெறப்படுகிறது. ஜெட் திட்டத்துக்கான விண்ணப்பம் பொதுவாக ஆண்டின் இறுதிப் பகுதியில் தூதரகம் வழியே கோரப்பட்டு, தேர்வானவர்கள் அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் ஜப்பான் செல்கின்றனர். வளைகுடாவின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பலவற்றில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அவற்றுக்கான நேர்காணல்கள் அதற்கு முந்தைய மாதங்களிலேயே நடைபெறுகின்றன.